உலகின் முதல் சர்வதேச கால்பந்து கோலைப் போட்டவர் ராஜ்கோட்டில் பிறந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 'அதிகாரபூர்வ' என்ற சொல்லை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் வில்லியம் கென்யன்-ஸ்லேனி. 1873 மார்ச் 8 அன்று லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. ஆட்டம் தொடங்கிய ஓரிரு நிமிடங்களுக்குள் கோல் விழுந்துவிட்டது.

முதல் அதிகாரபூர்வ ஆட்டம் அதுவல்ல. முதல் ஆட்டம் 1872 நவம்பர் 30 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவை ஒட்டிய பார்ட்டிக்கில் நடந்து 0–0 என முடிந்தது. அதனால்தான் இரண்டாவது ஆட்டத்தின் கோல் வரலாற்றின் முதல் கோல் ஆனது. அதற்கு முன் 1870 முதல் 1872 வரை ஓவலிலேயே இதே இரு நாடுகளின் பெயரில் ஐந்து ஆட்டங்கள் நடந்தன, கோல்களும் விழுந்தன. ஆனால் அப்போது ஸ்காட்லாந்துக்கு ஆடியவர்களில் பெரும்பாலோர் லண்டன் வட்டாரத்தில் கிடைத்தவர்கள். அந்த ஆட்டங்களைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை.

1873 ஆட்டத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த செய்தி வேறு. ஸ்காட்லாந்திடம் இருந்த பணம் எட்டுப் பேரின் ரயில் செலவுக்குத்தான் போதுமானதாக இருந்தது. மீதி மூவரை இங்கிலாந்திலேயே தேடிப் பிடித்தார்கள். அவர்களில் ஒருவர் ராணுவத்தின் பொறியாளர் பிரிவான ராயல் எஞ்சினியர்ஸ் படையின் ஹென்றி ரென்னி-டெய்ல்யர். ஸ்காட்லாந்தின் முதல் சர்வதேச கோலைப் போட்டவர் அவர்தான். பிறந்த ஊர் முசூரி! ஆக, இங்கிலாந்தின் முதல் கோல், ஸ்காட்லாந்தின் முதல் கோல் இரண்டையுமே இந்தியாவில் பிறந்த ராணுவ அதிகாரிகள் ஒரே ஆட்டத்தில் போட்டிருக்கிறார்கள். முதலில் இங்கிலாந்து 2–0 என முன்னேறியது, ஸ்காட்லாந்து 2–2 ஆக்கியது. கென்யன்-ஸ்லேனி தன் இரண்டாவது கோலைப் போட்டு மறுபடி முன்னிலை தந்தார். முடிவு 4–2. அவர் இங்கிலாந்துக்காக ஆடிய ஒரே ஆட்டமும் இதுதான்.

இன்றைய கண்ணோடு அந்த ஆட்டத்தைக் கற்பனை செய்யாதீர்கள். கம்பங்களுக்கு மேலே குறுக்குச் சட்டம் கிடையாது, எட்டடி உயரத்தில் ஒரு நாடா கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் அணிகள் பக்கம் மாறும். பெனால்டி கிக் 1891-ல்தான் வந்தது. பந்தைக் காலோடு ஒட்டி உருட்டிக்கொண்டே எதிரிகளைக் கடப்பதுதான் இங்கிலாந்தின் பாணி.

இவரைத் தேடுபவர்கள் வழக்கமாக இரண்டு இடங்களில் தவறுகிறார்கள்.

முதலாவது, பெயர். 1847 ஆகஸ்ட் 24 அன்று அவர் பிறந்தபோது குடும்பப் பெயர் வெறும் கென்யன்தான். தந்தை பம்பாய் குதிரைப்படையில் கேப்டன். தாய்வழித் தாத்தா ராபர்ட் ஸ்லேனி 1862-ல் இறந்த பிறகே 'ஸ்லேனி' சேர்ந்தது. பிறப்பு, ஞானஸ்நானப் பதிவுகளைப் புரட்டுவதானால் கென்யன் என்றே தேடுங்கள்.

இரண்டாவது, 'கேப்டன் கென்யன்-ஸ்லேனி' என்று பார்த்ததும் அணித்தலைவர் என்று எழுதிவிடுவது. அது ராணுவப் பட்டம். அன்று அணித்தலைவர் கோல்கீப்பர் அலெக்சாண்டர் மார்ட்டன். அவர் இருந்த கிரெனேடியர் கார்ட்ஸ் போன்ற கார்ட்ஸ் (அரச காவல்) படைகளில் அப்போது இரட்டைப் பதவி முறை இருந்தது: படைக்குள் லெப்டினன்ட் என்றால், முழு ராணுவத்தில் அவர் கேப்டனுக்குச் சமம்.

ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச் என்று படித்தவர் 1867-ல் கிரெனேடியர் கார்ட்ஸில் சேர்ந்தார். காலாட்படை, குதிரைப்படைப் பதவிகளைப் பணம் கொடுத்து வாங்கும் காலம் அது. கார்ட்ஸில் அடிமட்ட அதிகாரிப் பதவிக்கே அரசு நிர்ணயித்த விலை 1,200 பவுண்டு. 1871-ல்தான் இந்த முறை ஒழிந்தது. ரென்னி-டெய்ல்யரின் படைக்கு இந்த விலை எப்போதுமே கிடையாது, உல்விச் ராணுவ அகாடமியில் படித்துத் தேறித்தான் நுழைய முடியும். களத்தில் ஒன்றாக ஓடினாலும் இருவரும் வந்த வழி வேறு வேறு.

அதே 1873-ல் கென்யன்-ஸ்லேனி வாண்டரர்ஸ் அணியோடு இங்கிலாந்துக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. கோப்பையை வென்றார். 1875 இறுதியாட்டத்தில் ஓல்ட் ஈட்டோனியன்ஸுக்கு ஆடினார். எதிரணி ராயல் எஞ்சினியர்ஸ், அதில் மறுபடியும் ரென்னி-டெய்ல்யர்! அது 1–1 எனச் சமநிலையாகி, மறு ஆட்டத்தில் எஞ்சினியர்ஸ் 2–0 என்று கோப்பையை எடுத்துக்கொண்டது.

1882 எகிப்துப் போரில் டெல்-எல்-கெபிர் சண்டையில் கென்யன்-ஸ்லேனி இருந்தார். செப்டம்பர் 13 விடியற்காலைத் தாக்குதலில் கார்ட்ஸ் பிரிவு இரண்டாம் வரிசையில், துணைப் படையாக நின்றது. 'முன்னின்று தாக்கினார்' என்று எழுதுவது மிகை.

1886 முதல் 1908 ஏப்ரல் 24-ல் இறக்கும் வரை ஷ்ரோப்ஷையரின் நியூபோர்ட் தொகுதி எம்.பி. அவர் காலத்து மக்களுக்கு அவர் பெயர் நினைவில் நின்றது கோலால் அல்ல, 1902 கல்விச் சட்டத்தின் 'கென்யன்-ஸ்லேனி பிரிவால்'. திருச்சபைப் பள்ளிகளில் சமயக் கல்வியைப் பாதிரியார் மட்டும் முடிவு செய்யாமல், நிர்வாகிகள் குழு முழுவதன் கட்டுப்பாட்டில் வைத்தது அந்தப் பிரிவு.