மசாலாவை முதலில் தடவாதீர்கள்

கேள்வி: வேலை முடிந்து வீடு வந்து சேர ஏழு மணி ஆகிவிடுகிறது. மார்க்கெட்டுக்கு ஓட நேரமில்லாததால் சூப்பர்மார்க்கெட்டில் உறைந்த டோரி ஃபில்லட் வாங்கி ஃப்ரீசரில் போட்டு வைத்திருக்கிறேன். மஞ்சள், மிளகாய்த்தூள், மீன் மசாலா எல்லாம் தடவி ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் அடியில் குளம் கட்டுகிறது, மசாலா அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது, எடுக்கும்போது மீன் உடைகிறது. மாமியார் "இது பொரித்த மீனா, அவித்த மீனா?" என்று கேட்கிறார். கணவர் மெஷின்தான் சரியில்லை, பெரிதாக ஒன்று வாங்கலாம் என்கிறார். ஐஸ் கரைந்த பிறகுதான் வைக்க வேண்டுமா? வீடு முழுக்க வாடை வேறு.
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மாமியார் மேல் கோபப்படாதீர்கள், அவர் கேட்டது சரியான கேள்வி. உங்கள் கூடையிலிருந்து வந்தது அவித்த மீன்தான். ஆனால் அதற்கு மெஷினும் காரணமில்லை, உங்கள் கைப்பக்குவமும் காரணமில்லை. மசாலா தடவும் நேரம்தான் இடிக்கிறது. உறைந்த மீனுக்கு மசாலா முதலில் வரக்கூடாது, மீன் பாதி வெந்து தண்ணீரை விட்ட பிறகுதான் வர வேண்டும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். வெள்ளை மீனின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், கொழுப்பு ரொம்பக் குறைவு. உறையும்போது அந்தத் தண்ணீர் ஐஸ் ஊசிகளாக மாறிச் சதையைக் குத்திக் கிழிக்கும், அதனால் சூடு பட்டதும் பிடித்து வைக்க ஆளில்லாமல் வெளியே ஓடிவரும். இது போதாதென்று, ஃப்ரீசரில் மீன் காய்ந்துபோகாமல் இருக்க ஃபேக்டரியில் மேலே மெல்லிய ஐஸ் பூச்சு ஒன்று கொடுப்பார்கள். சில ஃபில்லட்டுகளைப் பாஸ்பேட் கலந்த நீரிலும் ஊற வைப்பதுண்டு, அது சதைக்குள் கூடுதலாகத் தண்ணீரைத் தேக்கி வைக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானத்தில் 451, 452 என்ற எண்கள் இருந்தால் அதுதான். ஆபத்தான பொருள் இல்லை, பயப்பட வேண்டாம், ஆனால் நீங்கள் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

குவாலியில் (வாணலியில்) எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் மீனைப் போட்டால் சட்டென்று சத்தம் வருகிறதே, அது மீனின் மேல்தோலில் உள்ள ஈரம் ஒரே நொடியில் ஆவியாகிற சத்தம். ஈரம் போன இடத்தில் மொறுமொறுப்பு வருகிறது. ஏர் ஃப்ரையரில் இருப்பது விசிறி வைத்த சின்ன அடுப்பு, அவ்வளவுதான். 200 டிகிரி என்று வைத்தாலும் காற்று எண்ணெயைப் போல வேகமாகச் சூட்டைக் கடத்தாது. அதனால் மேலே இருக்கும் ஈரம் காய்வதற்குள் உள்ளிருந்து இன்னும் தண்ணீர் வந்து சேர்ந்துகொள்ளும், மீன் தன் தண்ணீரிலேயே வேகும். நீங்கள் உப்பு வேறு முதலிலேயே போட்டுவிடுகிறீர்கள், அது மேலும் தண்ணீரை இழுக்கும்.

சரி, செய்முறைக்கு வருவோம். 400 கிராம் ஃபில்லட், ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

மெஷினை 200 டிகிரியில் 3 நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள். அந்த நேரத்தில் மீனைக் குழாய்த் தண்ணீரில் சில நொடிகள் காட்டினால் மேல் ஐஸ் கழன்றுவிடும், உடனே கிச்சன் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். கூடையில் பிரஷ்ஷால் எண்ணெய் தடவி, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வையுங்கள். உப்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். பேக்கிங் பேப்பரும் விரிக்காதீர்கள், தண்ணீர் கீழே இறங்க வழி வேண்டும். 200 டிகிரியில் 7 நிமிடம். திறந்து பார்த்தால் பார்க்கவே பரிதாபமாக, வெளுத்துப்போய் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். கீழ்த்தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீனைக் கூடையிலேயே வைத்து மேலே டிஷ்யூவால் மெதுவாக ஒற்றுங்கள்.

இப்போதுதான் மசாலா. ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், கால் டீஸ்பூன் மஞ்சள், இரண்டு டீஸ்பூன் மீன் மசாலா, ஒரு டீஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் அரிசி மாவு, ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெய், இரண்டு லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) பிழிந்த சாறு. கெட்டியான விழுதாக வர வேண்டும், வழிந்தால் மாவு சேருங்கள். எண்ணெயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். "எண்ணெய் இல்லாச் சமையல்" என்று நம்பி மெஷின் வாங்கிய பலரும் சறுக்குவது இங்கேதான். மிளகாய், மஞ்சள் இரண்டின் நிறமும் எண்ணெயில்தான் இறங்கும், எண்ணெய் தொடாத மாவு எத்தனை நிமிடம் வைத்தாலும் வெள்ளைத் திட்டாகவே நிற்கும். ஆழ எண்ணெயில் பொரிப்பதோடு பார்த்தால் ஒன்றரை டேபிள்ஸ்பூன் ஒன்றுமே இல்லை. இந்த முறையில் மசாலா கொஞ்ச நேரம்தான் சூட்டில் இருக்கும், அதனால் பச்சை வாசனை உங்களுக்குப் பிடிக்காது என்றால் லீமாவ் சாறும் அரிசி மாவும் போக மற்றவற்றை அந்த எண்ணெயிலேயே சிறு தீயில் ஒரு நிமிடம் வதக்கி, ஆறியதும் அவற்றைக் கலந்துகொள்ளுங்கள். வீட்டில் என் ஓட்டு இதற்குத்தான்.

விழுதை மேலேயும் பக்கங்களிலும் தடவினால் போதும். அடியில் தடவுவது கூடைக்கு ஊட்டுவதுதான். பிறகு 180 டிகிரியில் 6 நிமிடம், 200-ல் வைத்தால் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும். சம்பால் தடவுவதாக இருந்தால், அல்லது கிச்சாப் மானிஸ் என்ற இனிப்பு சோயா சாஸ் ஊற்றுவதாக இருந்தால், கடைசி 3 நிமிடத்தில் மட்டும், சர்க்கரை அதைவிடச் சீக்கிரம் கருகும். கறிவேப்பிலையை மேலே தூவாதீர்கள், விசிறி அதைத் தூக்கிச் சூட்டுக் கம்பியில் ஒட்டவைத்துவிடும், மீனுக்கு அடியில் செருகுங்கள். வாழையிலை வாசனை வேண்டுமானால் இந்த இரண்டாம் கட்டத்தில் அனலில் வாட்டிய ஒரு துண்டை மீனுக்குக் கீழே வைக்கலாம், மீனைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்க வேண்டும், காற்று சுற்ற இடம் விடுங்கள்.

வெந்ததா என்று கனமான இடத்தில் முள்கரண்டியால் குத்திப் பாருங்கள். கண்ணாடி போல் தெரியாமல் வெள்ளையாக, அடுக்கடுக்காகப் பிரிந்தால் போதும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 63 டிகிரி. அணைத்ததும் தூக்காதீர்கள், 2 நிமிடம் அப்படியே கிடக்கட்டும், பிறகு மெல்லிய தோசைத் திருப்பியை முழுசாக அடியில் விட்டு எடுங்கள். நடுவில் திருப்பிப் போடவே வேண்டாம், பாதி உடைவது திருப்பும்போதுதான்.

உடைவதில் மீனுக்கும் பங்கு உண்டு. இங்கே டோரி என்று மலிவாக விற்கும் தோலில்லாத ஃபில்லட் பெரும்பாலும் வியட்நாமில் வளர்க்கும் பாத்தின் என்ற நன்னீர்க் கெளுத்தி இனம்தான், கடலில் பிடிக்கும் ஜான் டோரி இல்லை. பாத்தின் நல்ல மீன். பகாங்கில் தெமெர்லோ பக்கம் போனால் அதைத் தெம்போயாக் (புளிக்க வைத்த டுரியான்) குழம்பில் போட்டுத் தருவார்கள், அந்த மென்மை குழம்பில்தான் அழகு. வறட்டுக் காற்றில் வைத்து மொறுமொறுப்பு கேட்டால் அது எங்கே போகும்? ஏர் ஃப்ரையருக்கென்றே வாங்குவதாக இருந்தால் தோலோடு இருக்கும் சியாக்காப் ஃபில்லட் எடுங்கள், நம் கொடுவாதான், விலை கூடுதல், ஆனால் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்தால் துண்டு கலையாது. கெராப்புவும் (களவா) நன்றாக வரும். காட் மீன் கொடுக்கும் விலைக்கு மசாலா போட்டு மறைப்பது எனக்கு மனசு வரவில்லை, அதை உப்பு மிளகோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாவு தடவிய ஃபிஷ் ஃபிங்கர் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், ஃப்ரீசரிலிருந்து நேராகக் கூடைக்கு.

ஐஸ் கரைய விடலாமா என்ற கேள்விக்கு: மெல்லிய ஃபில்லட்டுக்கு அவசியமில்லை. கனத்த துண்டு, முழு மீன் என்றால் கட்டாயம், இல்லாவிட்டால் வெளியே காய்ந்து நடுவில் பச்சையாக இருக்கும். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், கிண்ணத்தின் மேல் வடிகட்டி வைத்து அதில் போடுங்கள், பாதித் தண்ணீர் அங்கேயே இறங்கிவிடும். காற்றில்லாமல் இறுக்கமாக அடைத்த பாக்கெட் என்றால் முதலில் வெட்டித் திறந்துவிடுங்கள். காற்று இல்லாத இடத்தில் வளரும் பொட்டுலிசம் கிருமி ஒன்று உண்டு, அதில் ஒரு வகை ஃப்ரிட்ஜின் குளிரிலும் வளரும். நம் ஊர் வெக்கையில் மீனை சிங்கில் வைத்துவிட்டு வேலைக்குப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சனிக்கிழமை சௌகிட் பாசாருக்குப் போய் ஃப்ரெஷ் மீன் வாங்கி வந்து நாமே ஃப்ரீசரில் வைத்தால் இந்தத் தொல்லை இருக்காது என்று சிலர் சொல்வார்கள். மீன் ஃப்ரெஷ்தான், ஆனால் வீட்டு ஃப்ரீசர் மெதுவாக உறைய வைக்கும், மெதுவாக உறைந்தால் ஐஸ் ஊசிகள் பெரிதாகும், தண்ணீர் இன்னும் அதிகமாக ஓடும். அப்படி வைப்பதாக இருந்தால் துண்டுகளைக் குவிக்காமல் ஒரே அடுக்காகப் பரப்பி உறைய வையுங்கள், சீக்கிரம் உறையும்.

வாடைக்கு ஒரே வழி, சாப்பிட உட்காரும் முன்பே கூடையைச் சோப்புப் போட்ட வெந்நீரில் ஊறப்போடுவது. மெஷின் நன்றாக ஆறிய பிறகு, பிளக்கைக் கழற்றிவிட்டு, மேலே உள்ள சூட்டுக் கம்பியை ஈரத் துணியால் துடையுங்கள், அங்கே தெறித்து ஒட்டிய எண்ணெய்தான் மறுநாள் ரொட்டி சுடும்போதும் மீன் வாசம் வீசும். டப்பாவில் வரும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அதில் இருக்கும் லெசித்தின் கூடையின் நான்ஸ்டிக் பூச்சில் பிசின் மாதிரி படிந்துவிடும், தேய்த்தால் பூச்சும் சேர்ந்து போகும்.

புது மெஷின் பற்றி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: நான்கு பேருக்கு மேல் ஒரே தடவையில் சமைக்க வேண்டுமானால் பெரிசு வாங்கலாம், இந்தத் தண்ணீர்ப் பிரச்சினைக்காக வேண்டாம், பெரிய மெஷினிலும் இதே குளம்தான் கட்டும். மாமியாருக்கு அந்தக் குவாலி மீனின் மொறுமொறுப்புதான் வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் ஊற்றிப் பொரித்துக் கொடுத்துவிடுங்கள்.