அதி கனமழையை ஆராய்ச்சி செய்ய ஆசை: இயற்பியல் மாணவிக்கு என்ன வழி?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. இப்படி ஒரு மழை ஏன் பெய்கிறது என்று ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து போகவே இல்லை. வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். வானிலை ஆராய்ச்சிக்கு என்ன படிக்க வேண்டும், எங்கே படிக்க வேண்டும்? வேலை கிடைக்குமா? கணக்கில் நான் சுமார்தான். அது தடையாகுமா?

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்து மழையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கேள்விக்கான பாதி பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூரில் 69 செ.மீ. வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்களுக்கும் சேர்த்து தமிழ்நாட்டின் சராசரியே சுமார் 44 செ.மீ.தான். அப்படியானால் இரண்டு பருவத்து மழை ஒரே நாளில் கொட்டியிருக்கிறது. இதில் என்னை இன்றும் விடாமல் துரத்தும் விஷயம், அன்று புயல் எதுவும் இல்லை என்பதுதான். இரண்டு வாரம் முன்பு சென்னையை மிரட்டி, ஆந்திரக் கரையைக் கடந்த மிக்ஜாமுக்குப் பெயர் இருந்தது, பாதை வரைபடம் இருந்தது. உங்கள் ஊரை மூழ்கடித்தது குமரிக்கடல் பகுதியில் இருந்த வெறும் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. ஆண்டுதோறும் பல முறை செய்தியில் கேட்டுவிட்டு மறந்துபோகும் அதே சொல்தான். ஒரு சுழற்சி நான்கு தூறலோடு போகிறது, இன்னொன்று 95 செ.மீ. கொட்டுகிறது. ஈரக்காற்று ஒரே இடத்தில் ஏன் குவிந்து நின்றது? பின்னால் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அதில் என்ன பங்கு? கடலின் சூடு எவ்வளவு கூடுதல் ஈரத்தைத் தந்தது? இந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டாலே ஒரு முனைவர் பட்ட ஆய்வு நடத்தலாம்.

ஒன்றை முதலிலேயே பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வானிலை அறிவிப்பவர் வேறு, வானிலை ஆராய்ச்சியாளர் வேறு. சென்னை நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் இருப்பவர் இன்று மதியத்துக்குள் ஆரஞ்சு எச்சரிக்கையா சிவப்பா என்று முடிவு சொல்லியாக வேண்டும். ஆராய்ச்சியாளர் அந்த ஒரு நாளை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு வருடம் பிரித்துப் பார்ப்பார். முதல் வேலைதான் உங்கள் மனதில் இருக்கிறது என்றால், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கு மத்திய பணியாளர் தேர்வாணையம், அதாவது எஸ்.எஸ்.சி., தேர்வு நடத்தியிருக்கிறது. இயற்பியல் பட்டம் அதற்குப் பொருந்தும். ஆனால் அந்தத் தேர்வு ஆண்டுதோறும் வருவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தின் அடிப்படைக் கேள்வி 'ஏன்' என்பதுதான். அதனால் ஆராய்ச்சிப் பாதையைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

கணக்கு பற்றிய பயத்துக்கு முதலில் வருவோம். தீவிர வானிலையை ஆராய்பவருக்கு இரண்டு வகைக் கணக்கு வேண்டும். ஒன்று, காற்றும் நீராவியும் எப்படி நகர்கின்றன என்பதைச் சொல்லும் வகையீட்டுச் சமன்பாடுகள். இயற்பியல் மாணவியான உங்களுக்கு இது அந்நியம் இல்லை. வெப்பவியல் பாடத்தில் கிளாசியஸ்–கிளாப்பிரான் சமன்பாட்டைப் படித்திருப்பீர்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தச் சமன்பாடுதான், காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்று சொல்கிறது. சூடாகும் உலகில் பெருமழை ஏன் இன்னும் பெருமழையாகலாம் என்ற விவாதம் முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாவது, அரிதானவற்றுக்கான புள்ளியியல். நம் மாணவர்கள் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். கல்லூரியில் சராசரியும் திட்ட விலக்கமும் சொல்லித் தருகிறார்கள். எங்களுக்கோ சராசரியால் பெரிய பயன் இல்லை, மிக அரிதான உச்ச அளவுகள் இருக்கும் வரைபடத்தின் வால்நுனிதான் வேண்டும். '100 ஆண்டுக்கு ஒரு முறை வரும் மழை' என்று செய்தியில் வந்தவுடன், இனி 99 ஆண்டு கவலை இல்லை என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதற்கு அர்த்தம், ஒவ்வொரு ஆண்டும் அது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான். ஒரு வீடு கட்டி 30 ஆண்டு குடியிருந்தால், அதற்குள் ஒரு முறையாவது அந்த மழை வருவதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம். 0.99ஐ 30 முறை பெருக்கி, 1லிருந்து கழித்துப் பாருங்கள். இந்தக் கணக்கு உங்களுக்குப் புரிந்தால், மீதியும் கைக்கு வரும். கணக்கில் புலியாக இருக்க வேண்டியதில்லை, ஒரு சமன்பாட்டோடு ஒரு வாரம் உட்கார்ந்திருக்கும் பொறுமை இருந்தால் போதும்.

கணக்கைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தீவிர நிகழ்வுகள் அரிது, அதனால் தரவும் குறைவு. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 94 செ.மீ. மழை. அதே நகரத்தின் தென்முனையில் உள்ள கொலாபாவில் வெறும் 7 செ.மீ. சாந்தாகுரூஸில் மழைமானி இல்லாமல் போயிருந்தால், பதிவேட்டில் அது சாதாரண மழை நாளாகவே நின்றிருக்கும். நான் ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில், ஒரு சிற்றூர் நிலையத்தின் பழைய பதிவில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை என்று கண்டு துள்ளிக் குதித்தேன். அக்கம்பக்கத்து நிலையங்கள் எதிலும் சொட்டு மழை இல்லை. கையெழுத்துப் பதிவேட்டின் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, கணினியில் ஏற்றியவர் ஒரு புள்ளியை விட்டிருந்தார். அந்த 'சாதனை மழை' வெறும் 4 செ.மீ. மூன்று மாத உழைப்பு போயிற்று. ஆனால் அன்றிலிருந்து, உச்ச எண் ஒன்றைக் கண்டால் இது மழையா, பிழையா என்று கேட்காமல் நான் அடுத்த அடி வைப்பதில்லை. இதன் மறுபக்கமும் உண்டு. தானாகப் பிழை நீக்கும் நிரல்கள், நம்ப முடியாத அளவு என்று உண்மையான பெருமழையையே தூக்கி எறிந்துவிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்வதுதான் எங்கள் அன்றாட வேலை.

நேர்மையைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளம் பாதித்த வீட்டிலிருந்து வரும் உங்களுக்கு, எல்லாம் பருவநிலை மாற்றத்தால்தான் என்று நிரூபிக்க வேண்டும் என்ற வேகம் இருக்கலாம். மத்திய இந்தியாவில் 1951 முதல் 2000 வரையிலான மழையை பி.என். கோஸ்வாமி குழுவினர் ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பருவத்தின் மொத்த மழை பெரிதாக மாறவில்லை, ஆனால் மிதமான மழை குறைந்து மிகப் பெரிய மழை நிகழ்வுகள் கூடியிருக்கின்றன என்று அதில் காட்டினார்கள். சராசரியை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. நம் நாட்டு ஆராய்ச்சியில் நான் மிகவும் மதிக்கும் முடிவுகளில் இது ஒன்று. அதே நேரத்தில், தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்த 2015 டிசம்பர் சென்னை மழையைப் பன்னாட்டுக் குழு ஒன்று ஆராய்ந்தபோது, அந்த ஒரு நாள் மழையில் புவி வெப்பமாதலின் கைரேகை தென்படவில்லை என்றே எழுதியது. காற்றிலுள்ள தூசும் புகைத்துகள்களும் பசுங்குடில் வாயுக்களின் விளைவை அதுவரை ஈடுகட்டியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பலருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. ஆனாலும் தரவு சொன்னதை எழுதினார்கள். நாளை உங்கள் ஊர் மழையை நீங்களே ஆராயும்போது, விரும்பாத விடை வந்தாலும் எழுத வேண்டியிருக்கும்.

இனி படிப்பு. நீங்கள் தாமதிக்கவில்லை. இந்தத் துறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இயற்பியலிலிருந்தும் கணிதத்திலிருந்தும்தான் வருகிறார்கள். முதுநிலையில் வானிலையியலையே நேரடியாகப் படிக்க, நமக்கு அருகில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகமும் புனேயில் சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகமும் இருக்கின்றன. எம்.எஸ்சி. இயற்பியலை நம் ஊரிலேயே முடித்துவிட்டுப் பிறகு தாவவும் செய்யலாம். அதில் குறை ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால் கொச்சியைச் சொல்வேன். முதல் ஆண்டிலேயே வரைபடமும் மேகமும் கண்ணுக்குப் பழகிவிடும். இயற்பியல் வழியில் போகிறவர் அதை முனைவர் பட்டத்தின்போது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

அடுத்து முனைவர் பட்டம். ஆய்வில் சேர உதவும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி, வளிமண்டல, பெருங்கடல், கோள் அறிவியல் என்று ஒரு தாள் இருக்கிறது. கேட் தேர்வின் பொறியியல் அறிவியல் தாளிலும் வளிமண்டல, பெருங்கடல் அறிவியல் ஒரு பிரிவு. ஆய்வுக்குப் போக புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் முதன்மையானது. சுருக்கமாக ஐ.ஐ.டி.எம். என்பார்கள். சென்னை ஐ.ஐ.டி. என்று நினைத்து வீட்டில் குழம்பப் போகிறார்கள், இது வேறு. பருவமழை ஆராய்ச்சிக்கு இந்தியாவில் அதற்கு நிகராக நான் எதையும் சொல்ல மாட்டேன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், டெல்லி ஐ.ஐ.டி., புவனேசுவரம் ஐ.ஐ.டி. ஆகியவற்றிலும் தனித் துறைகள் உண்டு. திருப்பதி பக்கத்தில் கடங்கியில் இருக்கும் தேசிய வளிமண்டல ஆய்வகத்தை மட்டும் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். வரிசை வரிசையாக நிற்கும் ஆண்டெனாக்கள் தலைக்கு மேலே ஓடும் காற்றை அளந்துகொண்டிருப்பதைப் பார்த்தால், புத்தகத்தில் படித்ததெல்லாம் உயிர் பெறும்.

வெளிநாடு கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் இந்தத் துறையில் பெரிய பெயர்கள். ஆனால் ஓக்லஹோமா டொர்னேடோ நாடு, அங்கே கேட்கப்படும் கேள்விகளில் பாதி அதைச் சுற்றியவை. உங்கள் கேள்வி குமரிக்கடலைப் பற்றியது. நிறுவனத்தின் பெயரைப் பார்க்காமல், வெப்பமண்டல மழையில் வேலை செய்யும் வழிகாட்டி யார் என்று பார்த்து விண்ணப்பியுங்கள்.

வேலையும் வருமானமும் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். நெட் தேறிய இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. படிக்கும்போதே கையில் பணம் வரும் என்பதை வீட்டில் கட்டாயம் சொல்லுங்கள், பல பெற்றோருக்கு இது தெரியாது. ஆனால் பட்டம் வாங்கிய பிறகு நிரந்தரப் பணிக்கு முன்பாகச் சில ஆண்டுகள் ஒப்பந்தத் திட்டப்பணி, வெளிநாட்டு முதுமுனைவர் ஆய்வு என்று அலைய வேண்டியிருக்கும். அது நிஜம். புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் உள்ள நிறுவனங்கள்தான் முக்கிய வாசல். 2024இல் 2,000 கோடி ரூபாயில் மத்திய அரசு அறிவித்த மௌசம் திட்டம் ரேடார்களையும் கணினி வசதியையும் பெருக்குவதற்கானது. அவற்றைக் கையாளப் படித்தவர்கள் வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள், காற்றாலை, சூரிய மின் நிறுவனங்கள் இப்போது தீவிர வானிலையைக் கணக்கிடத் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைப் பறித்துவிடுமா என்றும் கேட்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் வந்த செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் அன்றாட வானிலையில் வியக்க வைக்கின்றன. ஆனால் பழைய தரவிலிருந்து கற்கும் எதற்கும், இதுவரை காணாத 95 செ.மீ. மழை கடினமான பாடம். அங்கே இன்னும் மனிதர்கள் வேண்டும்.

இந்த ஆண்டே செய்ய ஒரு வேலை தருகிறேன். பைத்தான் என்ற கணினி நிரல் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், பழைய மடிக்கணினியே போதும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகம் 1901 முதலான அன்றாட மழைத் தரவை, அட்சரேகை, தீர்க்கரேகையில் கால் டிகிரி கட்டங்களாகப் பிரித்து இலவசமாகத் தருகிறது. உங்கள் ஊர் விழும் கட்டத்தை எடுத்து, ஒவ்வோர் ஆண்டின் மிகப் பெரிய ஒரு நாள் மழையை வரைந்து பாருங்கள். பிறகு 2023 டிசம்பர் 18ஆம் தேதியைத் தேடுங்கள். காயல்பட்டினத்தின் 95 செ.மீ. அங்கே அப்படியே இருக்காது. பல மழைமானிகளைக் கலந்து கட்டத்துக்கு ஒரே எண் தருவதால் அது சுருங்கித்தான் தெரியும். எவ்வளவு சுருங்கியது, ஏன் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். முதுநிலை சேர்ந்த பிறகு, நாட்டின் அறிவியல் அகாதமிகள் இணைந்து தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதும், ஒரு பேராசிரியருக்கு முதல் மின்னஞ்சல் அனுப்பும்போதும் அந்த இரண்டு பக்கத்தை இணையுங்கள். 'ஆர்வம் உண்டு' என்று எழுதும் நூறு பேரின் கடிதங்களுக்கு நடுவே அதைத்தான் அவர் திறந்து படிப்பார்.

பி.எட். பற்றி: அதைப் பிறகும் படிக்கலாம். முதுநிலை நுழைவுத் தேர்வுகளின் விண்ணப்பத் தேதிகள் காத்திருக்காது. கொச்சிப் பல்கலைக்கழகம் தன் நுழைவுத் தேர்வைத் தானே நடத்துகிறது. அதன் அறிவிப்பை இந்த வாரமே பாருங்கள்.