ஜேசன் மாற்றம்: கேள்வி பதில்

கடலூரிலும் புதுச்சேரியிலும் நிரல் எழுதும் நண்பர்கள், நிரல்கள் ஒன்றுக்கொன்று தரவை அனுப்பப் பயன்படும் பொது எழுத்து வடிவமான ஜேசனுக்கு (JSON) தரவை மாற்றுவது, அதிலிருந்து மீட்பது குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

லாஸ்பேட்டை: ஐயா, பைத்தான் நிரல்மொழியில் 'கடலூர்' என்ற சொல்லை ஜேசனாக எழுதினால் தமிழே தெரியவில்லை. தரவு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. தரவை ஜேசனாக எழுதித் தரும் பைத்தானின் டம்ப்ஸ் செயற்கூறு, நாம் வேறு சொல்லாதவரை, ஆஸ்கிக்கு (ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் அடங்கிய பழைய குறித்தொகுதி) வெளியே உள்ள ஒவ்வொரு தமிழ்க் குறியையும் பின்சாய்வுக்கோடு, 'யு', நான்கு பதினறும (0–9, a–f) இலக்கங்கள் என ஆறு குறிகளாக விரித்து எழுதும். கடலூர் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடிலோ க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு. ஆகவே 36 பைட் ஆகிறது. டம்ப்ஸின் 'என்ஷ்யூர் ஆஸ்கி' என்ற தெரிவுக்கு ஃபால்ஸ் (இல்லை) கொடுத்து யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்தால், 18 பைட்டில் தமிழாகவே நிற்கும். எப்படி எழுதினாலும் திரும்பப் படிக்கும்போது அதே சொல்தான் கிடைக்கும்.

மஞ்சக்குப்பம்: பட்டியலின் கடைசியில் காற்புள்ளி இருந்தால் பிழை வருகிறதே?

ஜேசனில் அதற்கு இடமில்லை. சரத்தை (எழுத்துத் தொடரை) கையால் ஒட்டி உருவாக்குவதால்தான் இது நேர்கிறது; அந்த வேலையை டம்ப்ஸ் போன்றவை அடங்கிய லைப்ரரியிடம் விட்டுவிடுங்கள்.

வில்லியனூர்: எக்செலில் தமிழ் கட்டங்கட்டமாகத் தெரிகிறது.

அது எழுத்துரு பற்றியது; எக்செல் தெரிந்தவரிடம் கேட்பதே நல்லது.

முதலியார்பேட்டை: எஸ்டிடி குறியீடு 0413 ஐ எண்ணாக அனுப்பினால் எதிர்ப்பக்கம் ஏற்க மறுக்கிறது.

ஜேசன் இலக்கணப்படி முழு எண் பூஜ்யத்தில் தொடங்கினால், அந்தப் பூஜ்யத்துக்குப் பின் வேறு இலக்கம் தொடரக் கூடாது. பூஜ்யத்தை நீக்கி 413 என்று அனுப்பினால் ஏற்கும். ஆனால் அது புதுச்சேரியின் குறியீடு அல்ல. மேற்கோளுக்குள் சரமாக அனுப்புங்கள். கூட்டிக் கழிக்கப் பயன்படாத எதுவும் எண் அல்ல, அடையாளம்.

நெல்லிக்குப்பம்: இதை நான் ஏற்கவில்லை. அஞ்சல் குறியீடு 605001 இல் முன்பூஜ்யம் இல்லையே. எண்ணாக வைத்தால் என்ன குறை?

அந்த ஆறு இலக்கத்துக்கு இன்று ஒரு குறையும் வராது. ஆனால் அந்தப் பழக்கம் அடுத்த புலத்துக்கும் தொற்றும். சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு வேலையில் 17 இலக்க ரசீது எண்களை எண்களாகவே அனுப்பினோம். சர்வரில் 12345678901234567 என்பது போல இருந்தது, உலாவியில் 12345678901234568 என்று வந்து நின்றது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. ஒருவர் தம் ரசீதைத் தேட, அடுத்தவருடைய ரசீது திறந்தது. உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண்வகை 9007199254740991 வரைதான் எல்லா முழு எண்களையும் பிசகாமல் தாங்கும். அதற்கு மேல் கடைசி இலக்கத்தை நம்ப முடியாது.

நெல்லிக்குப்பம்: பைத்தானில் அந்த இழப்பு இல்லை. குற்றம் ஜாவாஸ்கிரிப்டுடையது, ஜேசனை ஏன் குறை சொல்ல வேண்டும்?

பைத்தானைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஜேசன் இலக்கணமும் இலக்க எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவில்லை. ஆனால் நாம் எழுதுவதை யார் படிப்பார் என்று நமக்குத் தெரியாததால்தான் பொது வடிவத்தையே நாடுகிறோம். 2017 இல் வந்த ஜேசன் வரையறை ஆவணமான ஆர்எஃப்சி 8259 உம், இரட்டைத் துல்லிய எண்களுக்கு (ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண்வகையும் இதுதான்) மேல் எதிர்பார்க்காமல் இருந்தால்தான் எல்லாத் தரப்புக்கும் ஒத்துப்போகும் என்கிறது. பைத்தானிலிருந்து பைத்தானுக்கு மட்டும் போகும் தரவானால் உங்கள் வழி செல்லும். உலாவி நடுவில் வந்த நாளிலேயே அது உடையும்.

பண்ருட்டி: பைத்தான் அகராதியை (பெயரும் மதிப்பும் கொண்ட இணைகளின் தொகுப்பை) எஸ்டிஆர் கொண்டு சரமாக்கி அனுப்பினேன், ஏற்கவில்லை.

அது பைத்தானின் அச்சு வடிவம். ஒற்றை மேற்கோளும், பெரிய எழுத்தில் தொடங்கும் ட்ரூவும் ஜேசனில் செல்லாது. டம்ப்ஸைப் பயன்படுத்துங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: முகவரிக்குள் இரட்டை மேற்கோள் வந்தால் எல்லாம் உடைகிறது.

மஞ்சக்குப்பம் நண்பருக்குச் சொன்னதேதான்: கையால் ஒட்டாதீர்கள்.

பாகூர்: ஐயா, மழைமானித் தரவில் தேதி ஒரு நாள் பின்னுக்குப் போகிறது.

ஜேசனில் தேதிக்கென்று வகை கிடையாது. தேதி, நேரம் எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறையில் சரமாக எழுதுவதே வழக்கம். ஃபெஞ்சல் புயலின்போது 2024 டிசம்பர் 1 அதிகாலை 2 மணிக்கு எடுத்த அளவு, உலகப் பொது நேரத்தில் நவம்பர் 30 இரவு 20:30. நேரத்தைக் கைவிட்டுத் தேதியை மட்டும் வெட்டி எடுத்தால், அந்த மழை முந்தைய நாளின் கணக்கில் ஏறிவிடும். அளவு எடுத்த நேரத்தை, இந்திய நேரத்தைக் குறிக்கும் +05:30 சேர்த்து முழுதாக அனுப்பி, படிக்கும் பக்கத்தில் இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகே நாளைப் பிரித்தெடுங்கள்.