நீலகிரியில் உறைபனிக் காலத்தை, சிறு தோட்டமும் இரண்டு மாடும் வைத்திருப்பவர்கள் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: ஊட்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் 40 சென்ட் நிலத்தோடு வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். சமவெளியிலிருந்து வந்தவர்கள். கொஞ்சம் காய்கறி, கொஞ்சம் தேயிலை, இரண்டு கறவை மாடு. டிசம்பர், ஜனவரியில் பனி கொட்டும் என்கிறார்கள். செடி கருகாமல், குழாய் வெடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்:

இங்கே பனி கொட்டுவதில்லை. செய்திகளில் ‘பனிப்பொழிவு’ என்று வந்தாலும், காஷ்மீரில் போல வானத்திலிருந்து எதுவும் விழுவதில்லை. ஆகவே கூரையில் பாரம் ஏறுமோ, வழி மூடுமோ என்ற கவலை வேண்டாம். நீலகிரியில் வருவது உறைபனி. இரவில் மண்ணும் புல்லும் இலையும் தங்கள் சூட்டைத் திறந்த வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. காற்றிலுள்ள ஈரம் அவற்றின் மேல் படிந்து உறைகிறது. சூடு வெளியேறுவதுதான் பிரச்சினை என்று புரிந்துகொண்டால் மற்ற வேலைகள் எல்லாம் தானாகப் புரியும்.

எந்த இரவில் வரும் என்பதை மாலையிலேயே சொல்லிவிடலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேகம் இல்லாமல், காற்றும் அசையாமல், இருட்டியதுமே நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால் அன்றிரவு தயாராக இருங்கள். மேகம் போர்த்தியிருந்தாலோ காற்று வீசிக்கொண்டிருந்தாலோ பெரும்பாலும் வராது. ‘ஊட்டியில் குறைந்தபட்சம் 4 டிகிரி’ என்ற செய்தியை நம்பிப் படுத்துவிடாதீர்கள். அந்த அளவு, தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில், கூண்டுக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவது. அதே நேரத்தில் புல் மட்டத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கக்கூடும். ஒரு வெப்பமானியைத் தோட்டத்தில் வெட்டவெளியில், புல்லுக்கு இரண்டு அங்குலம் மேலே கட்டி வையுங்கள். உங்கள் செடிக்குத் தெரியும் குளிர் அதுதான். இன்னொன்று: காற்று மிகவும் வறண்டிருந்தால் வெள்ளைப் படலம் எதுவும் படியாமலே செடி உறைந்து கருகும். காலையில் வெள்ளையாக இல்லையே என்று நிம்மதியடைய முடியாது.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல், ஊட்டிக் குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்ந்த, திறந்த இடங்களில் முதலில் வெள்ளை படிவது இதனால்தான். உங்கள் 40 சென்டுக்குள்ளேயே மேடு பள்ளம் இருக்கும். முதல் உறைபனி விழுந்த காலையில், வெயில் படும் முன்னே ஒரு கட்டுக் குச்சியோடு இறங்கி நடங்கள். வெள்ளை எங்கே தொடங்குகிறதோ அங்கங்கே குச்சி நட்டுக்கொண்டே போங்கள். அந்தக் கோடு ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் வரும். கோட்டுக்குக் கீழே முள்ளங்கி, பூண்டு, முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட். இவை மிதமான பனியைத் தாங்கும். பீன்ஸும் உருளையும் கோட்டுக்கு மேலேதான். பட்டாணிச் செடி தாங்கினாலும் பூவும் பிஞ்சும் தாங்காது. ஜனவரி, பிப்ரவரியில் நடும் நீர்போக (பாசனப் பருவ) உருளைக்கு இது பெரிய சிக்கல்: பாய்ச்சத் தண்ணீர் கிடைப்பது பள்ளத்தில், பனி தேங்குவதும் அதே பள்ளத்தில். முளை மண்ணைவிட்டு வெளியே வரும் நாள் பனி ஓயும் நாட்களோடு ஒத்துப்போகும்படி நடவைத் தள்ளுங்கள். வெளியே வந்துவிட்ட முளைக்கு மண் அணைத்து மூடினாலும் பிழைக்கும்.

வேலியைப் பாருங்கள். சரிவின் கீழ்ப்பக்கம் நெருக்கமான உயிர்வேலி இருந்தால் அது குளிர்காற்றுக்கு அணை கட்டியது போல. அடியிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்குக் கிளைகளைக் கழித்து வழிவிடுங்கள். மேல்பக்க வேலி மட்டும் அடர்த்தியாக இருக்கட்டும். இறங்கி வரும் குளிரை அது பக்கவாட்டில் திருப்பிவிடும்.

மண் விஷயத்தில் பலரும் தவறு செய்கிறார்கள். பனிக்காலத்தில் பாத்தியில் வைக்கோல், சருகு பரப்பினால் வேருக்குக் கதகதப்பு என்று நினைக்கிறோம். வேருக்கு அது உண்மை. ஆனால் பகலில் மண்ணுக்குள் வெயில் இறங்குவதையும், இரவில் மண்ணின் சூடு மேலே வருவதையும் அந்த மூடாக்கு தடுக்கிறது. சருகுக்கு மேலே நிற்கும் இலை இன்னும் அதிகமாகக் குளிர்கிறது. புதிதாகக் கொத்திப் பொலபொலவென்று கிடக்கும் மண்ணும் அப்படித்தான்; அதனுள் இருக்கும் காற்று சூட்டைப் பிடிக்காது. களையில்லாத, இறுகிய, ஈரமான மண்தான் பகல் வெயிலைச் சேமித்து இரவில் திருப்பிக் கொடுக்கும். பனி வரும் என்று தெரிந்தால் முந்தைய நாள் காலையிலேயே ஓரடி ஆழம் நனையப் பாய்ச்சிவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் கொத்துவேலை வேண்டாம். யூரியாவை அக்டோபரோடு நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு போட்டால் வரும் இளந்தளிர்தான் முதலில் கருகும்.

மண்ணை மூடக்கூடாது, செடியை மூட வேண்டும். அதற்கு இங்குள்ள வழக்கம் தாகைச் செடி. தேயிலைக் கன்றுகளுக்கும் கவாத்து செய்த செடிகளுக்கும் மேலே தாகையைப் பரப்பி வைப்பார்கள். 1848-இல் தொடங்கப்பட்ட ஊட்டி தாவரவியல் பூங்காவிலேயே மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளைக் கொண்டு மூடுவதைப் பார்க்கலாம். கிளையைச் செடியின் கிழக்குப் பக்கம் ஊன்றி, மேலே சாய்த்து வைத்தால் இரவில் சூடு போவதையும் தடுக்கும், காலை வெயில் சட்டென்று அடிப்பதையும் தடுக்கும். துணியோ கோணியோ என்றால் நாலு குச்சி நட்டு, இலையில் படாமல் கூடாரம்போல் போட்டு, ஓரம் தரைவரை இறங்கும்படி கல் வையுங்கள். ஓரம் தூக்கலாக இருந்தால் மண்ணின் சூடு அந்த வழியாகப் போய்விடும். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும். மாலை நாலு மணிக்கே, மண்ணில் சூடு இருக்கும்போதே மூடுங்கள். இருட்டியபின் மூடினால் குளிரைத்தான் உள்ளே வைத்துக் கட்டுகிறீர்கள். துணியையும் கோணியையும் காலை ஒன்பதுக்குள் எடுத்துவிட வேண்டும். மண் மறுபடி வெயில் காய வேண்டாமா?

இரவு முழுக்கத் தெளிப்பானில் தண்ணீர் விடும் முறையைப் பற்றி நிறையப் பேசுவார்கள். நல்ல முறைதான், பாதியில் நிறுத்தினால் நாசம். ஒரு லிட்டர் தண்ணீர் உறையும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை விடுகிறது, அந்த வெப்பம்தான் இலையைக் காக்கிறது. ஆனால் அதே ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 600 கிலோகலோரியை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் நின்றதும் நனைந்த இலை, நனையாத இலையைவிட மோசமாகக் குளிரும். செடி மட்டத்தில் 2 டிகிரிக்கு இறங்கும்போது தொடங்கி, வெயில் வந்து பனிக்கட்டி தானாகக் கழன்று விழும்வரை விட வேண்டும். மணிக்கு 3 மில்லிமீட்டர் அளவில் 5 சென்டுக்கு 600 லிட்டர். இரவு ஒரு மணியிலிருந்து காலை எட்டுவரை 4,200 லிட்டர். 40 சென்டுக்கும் என்றால் 34,000 லிட்டர். அவ்வளவு தண்ணீரும், நடுவில் அறுந்துபோகாத மின்சாரமும் இருந்தால் மட்டும் இறங்குங்கள். இல்லாவிட்டால் நாற்றங்காலை மட்டும் காத்துக்கொள்ளுங்கள், அதற்குத் துணியே போதும்.

எல்லோராலும் செய்ய முடிவது விடியற்காலைத் தெளிப்பு. உறைந்த இலையில் வெயில் நேராக விழுந்து வேகமாக உருகும்போதுதான் சேதம் கூடும். கிழக்குப் பார்த்த சரிவுகள் அதிகம் கருகுவது அதனால். வெயில் தொடுவதற்குச் சற்று முன்பு, கிணற்றுத் தண்ணீரையோ ஊற்றுத் தண்ணீரையோ பூவாளியால் ஊற்றி இலைமேல் உள்ள வெள்ளையைக் கழுவிவிடுங்கள். ஐந்து மணிக்கே ஊற்றினால் அந்தத் தண்ணீரும் உறையும். வெந்நீர் கூடவே கூடாது. இலைக்குள்ளேயே நீர் உறைந்துவிட்டிருந்தால் இதுவும் பயன்படாது. உருளை இலையைப் பார்த்தாலே தெரியும்: வெந்த கீரைபோல் கரும்பச்சையாக, நீர் கோத்துத் தொங்கும், மதியத்துக்குள் கறுத்துவிடும்.

தேயிலை கருகினால் உடனே கத்தியை எடுக்காதீர்கள். செம்பு நிறமாகக் காய்ந்த மேலிலைகள் அடியில் உள்ள கிளைக்குக் கூரையாக நிற்கின்றன. ஜனவரியில் வெட்டினால் புதுத்தளிர் வரும், அடுத்த பனி அதையும் எரிக்கும். பிப்ரவரி கடைசிவரை பொறுத்து, கிளைத் தோலைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டினால் போதும். இலை மட்டும் கருகி, கிளை பச்சையாக இருந்தால் வெட்டவே தேவையில்லை. நீண்ட நோக்கில் தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களே நல்ல குடை. கழிப்பதானால் மழைக்காலத்துக்கு முன் கழித்து, பனிக்காலத்துக்குள் தழைக்க விடுங்கள்.

குழாய்க்கு வருவோம். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருகும். இங்கே மண் ஆழமாக உறைவதில்லை, ஆகவே ஓரடி புதைத்த குழாய்க்கு ஆபத்தில்லை. வெடிப்பது புல்மேலும் தகரக் கூரைமேலும் கிடக்கும் அரை அங்குலக் குழாயும், இணைப்புகளும், வெளிக்குழாய்த் திருகுகளும்தான். வரிசையின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வால்வு போட்டு, மாலையில் தொட்டியருகே அடைத்துவிட்டு இந்த வால்வைத் திறந்து காலியாக்குங்கள். மேலே ஒரு குழாயைத் திறந்து வைத்தால்தான் காற்று புகுந்து தண்ணீர் முழுதும் இறங்கும். மோனோபிளாக் பம்ப் வெளியே இருந்தால் அதன் அடியில் உள்ள மறையைக் கழற்றி வடித்துவிடுங்கள். வார்ப்பிரும்பு உடல் விரிந்தால் ஒட்டவைக்க முடியாது. உறைந்த கறுப்புக் குழாயைத் தீயில் காட்டாதீர்கள், இளகி நசுங்கிவிடும். திருகைத் திறந்துவிட்டு, வெதுவெதுப்பான ஈரத்துணியைச் சுற்றினால் போதும். சூரிய வெந்நீர்க் கருவி தட்டையான தகட்டு வகை என்றால் கூடுதல் கவனம்: அது இரவில் வானத்தைப் பார்த்துக் கிடப்பதால் காற்று 3, 4 டிகிரியில் இருக்கும்போதே உள்ளே செம்புக் குழாய் உறைந்து வெடிக்கலாம். மாலையில் தகட்டின் மேல் கோணி போர்த்துங்கள்.

மாட்டுத் தொழுவத்தை முழுதாக அடைக்க வேண்டாம். மாட்டைக் குளிரைவிட ஈரமும் மூத்திர நெடியும்தான் அதிகம் வாட்டும். மாட்டின் முதுகு உயரம்வரை படுதா, கூரையடியில் திறப்பு, கீழே காய்ந்த படுக்கை. மாலையில் காய்ந்த தீவனத்தைக் கூட்டிக் கொடுங்கள். அது செரிக்கும்போது உண்டாகும் சூடு இரவெல்லாம் நிற்கும். தண்ணீரை வெதுவெதுப்பாக வையுங்கள், இல்லாவிட்டால் குறைவாகக் குடித்துப் பாலும் குறையும். பனி உருகிப் புல் காய்ந்த பிறகே மேய்ச்சலுக்கு விடுங்கள். கறந்தபின் காம்பை ஈரமாக விடாதீர்கள், வெடிக்கும். கன்றுக்குக் கோணிச் சட்டை கட்டுங்கள்.

இதை மட்டும் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்: கதவு, சன்னல் அடைத்த அறையில் கரிச் சட்டியோ கணப்போ வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. புகை இல்லாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வருகிறது; வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்தாலும் அதே ஆபத்து. படுக்கும் முன் தணலை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, வெந்நீர்ப் பையோடு படுங்கள்.

செடியைக் காக்கப் புகை மூட்டம் போடலாமா என்றும் கேட்பார்கள். வேண்டாம். புகை சூட்டைத் தடுப்பது மிகக் குறைவு. அதைவிட, பனியில் கருகிய புல் ஜனவரியிலேயே பஞ்சுபோல் காய்ந்து கிடக்கும். அருகே கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில் மரம்) இருந்தால் ஒரு பொறி போதும். பனி ஓய்ந்ததும் முதல் வேலையாக வீட்டையும் தொழுவத்தையும் சுற்றிப் பத்தடி அகலத்துக்குக் காய்ந்த புல்லைச் செதுக்கி அள்ளிவிடுங்கள். பீன்ஸ் விதை அதற்குப் பிறகு.