பிரான்ஸில் மிதி (Midi) கால்வாய் வேண்டாம், கரோன் கால்வாய்க்குப் போங்கள்

வணக்கம். ஐந்து நாளில், மெல்லிய டயர் சைக்கிளில், மனைவியோடு தெற்கு பிரான்ஸின் துலூஸ் நகரிலிருந்து மிதி கால்வாயோரமாக மத்தியதரைக் கடல் வரை போகலாமா, லாரியும் மேடும் இருக்கக்கூடாது என்று கேட்டிருந்தீர்கள்.

இந்த முறை மிதியை விட்டுவிடுங்கள். துலூஸை ஒட்டி ஐம்பது கிலோமீட்டர் போலத் தார்ப்பாதை அருமை. அதற்கப்புறம் பல இடங்களில் மண்ணும் மர வேர்களும்தான். 25 மி.மீ. டயரில் போனால் மணிக்கட்டு வீங்கிவிடும்.

அதே துலூஸில் எதிர்த் திசையில் கிளம்பும் கரோன் கால்வாய்தான் உங்களுக்குச் சரி. மொத்தம் 193 கி.மீ., கரைப்பாதை பெரும்பாலும் தார், கார் வராது. படகை ஏற்றி இறக்கும் மதகுகளில் மட்டும் சின்ன ஏற்றம். நாலு மிதி மிதித்தால் தாண்டிவிடலாம். அஜென் ஊரில் கால்வாயே 23 வளைவுள்ள கல்பாலத்தில் ஏறி ஆற்றைக் கடக்கிறது. பக்கத்திலேயே படகு போகும், கீழே கரோன் ஓடும். அங்கே கட்டாயம் இறங்கி நின்று பாருங்கள்.

அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் மேற்குக் காற்று முதுகில் இருந்தால் நல்லது. அதனால் ரயிலில் கால்வாயின் மேற்கு முனைப் பக்கமுள்ள லா ரியோல் ஊருக்குப் போய், ஆற்றுப் பாலம் தாண்டி, ஃபோந்தே என்ற சிற்றூரில் கால்வாயைப் பிடித்துத் துலூஸை நோக்கி வாருங்கள். அலுத்துப்போனால் போர்தோ–துலூஸ் ரயில் பாதை கூடவே வருகிறது.

சிற்றூர்க் கடைகள் மதியம் 12 மணிக்கு மூடினால் 2 மணிக்கு மேல்தான் திறக்கும்; ரொட்டியைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும், குடிக்கக்கூடாது என்ற பலகை இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ளலாம்.