போலி நாணயம் விற்றவரின் படத்தைப் போடலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பத்து ஆண்டுகளாகப் பழைய நாணயங்கள் சேர்க்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1939ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயை 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். எடை சரியாக இருந்தது, காந்தத்திலும் ஒட்டவில்லை. போன வாரம் ஒரு மூத்த சேகரிப்பாளர் லென்ஸில் பார்த்துவிட்டு, 8ஐ 9 ஆக்கியிருக்கிறார்கள் என்றார். விற்றவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. அவருடைய படம், எண், வீட்டு முகவரியோடு ‘போலி நாணயம் அடிக்கும் கும்பல்’ என்று எல்லாக் குழுக்களிலும் போட எழுதி வைத்திருக்கிறேன். போடலாமா? பணம் திரும்புமா? இல்லாவிட்டால் அந்த நாணயத்தை வேறு யாரிடமாவது தள்ளிவிடலாமா?

பதில்: போடாதீர்கள். இந்த வாரம் எதையுமே போடாதீர்கள். எழுதி வைத்திருக்கும் வடிவத்தில் எப்போதுமே போடாதீர்கள். வழக்கறிஞராக மட்டும் இதைச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாக நானும் நாணயம் சேர்ப்பவன், நானும் ஏமாந்தவன்.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். 1938ஆம் ஆண்டு ரூபாய் தாராளமாகக் கிடைக்கும், 1939 அரிது. இரண்டும் ஒரே எடை, 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. வெள்ளியும் ஒன்றே, நூற்றுக்குக் கிட்டத்தட்ட 92 பங்கு. ஆகவே அசல் 1938ஐ எடுத்து ஒரே ஓர் எண்ணை மட்டும் செதுக்கினால் தராசும் காந்தமும் என்ன செய்யும்? உலோகம் உண்மை, எடை உண்மை, அரசர் தலையும் உண்மை. ஓர் எண் மட்டும் பொய். அந்த 9ஐச் சுற்றியுள்ள தளத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கருவி உரசிய கீறல்களோ, மற்ற இடங்களில் இல்லாத வழவழப்போ தெரியும். பக்கத்தில் உள்ள 3இன் தேய்மானத்தோடு 9இன் தேய்மானம் ஒத்துப்போகாது. வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது. இப்போது சான்றுக்காகச் செய்யுங்கள். அந்தப் பகுதியைப் பெரிதாக்கிப் படம் எடுத்து வையுங்கள்.

இனி உங்கள் பதிவுக்கு வருகிறேன். ‘இந்த நாணயம் திருத்தப்பட்டது’ என்பது ஒரு பேச்சு, ‘இந்த ஆள் போலி அடிப்பவர்’ என்பது வேறு பேச்சு. முதலாவதை நிரூபிக்க லென்ஸ் போதும். இரண்டாவதை நிரூபிக்க அவர் வீட்டில் உளி பிடித்த கையைக் காட்ட வேண்டும். உங்களுக்கு விற்றவரே வேறொருவரிடம் ஏமாந்து வாங்கியிருக்கலாம். 15 ஆண்டுகளுக்கு முன்பு நான் இதே தவறைச் செய்தேன். ஒரு கண்காட்சியில் வாங்கிய சோழர் செப்புக் காசு வார்ப்பு, அதாவது உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த போலி, என்று தெரிந்ததும், விற்றவரின் பெயரைப் போட்டு, போலிக் காசுப் பட்டறையே வைத்திருக்கிறார் என்று எழுதிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது: அவர் ஒரு மூட்டைக் காசை மொத்தமாக வாங்கியவர், எது வார்ப்பு என்று அவருக்கே தெரியாது. வக்கீல் நோட்டீஸ் வக்கீல் வீட்டுக்கே வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் மீண்டேன்.

உண்மையைத்தானே சொல்கிறேன், எப்படி அவதூறாகும் என்று கேட்பீர்கள். எல்லோரும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறுக்கு விதிவிலக்குகள் உண்டு. உண்மையைச் சொல்வது அவற்றில் முதலாவது. ஆனால் அந்த வாக்கியத்தை முழுதும் படியுங்கள். உண்மையாக இருக்க வேண்டும், அதோடு பொதுநலனுக்காகச் சொல்லியிருக்கவும் வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லை என்றால் விதிவிலக்கு கிடையாது. இரண்டும் இருக்கின்றன என்று காட்டும் பாரம் எழுதிய உங்கள் தலையில். திருத்தப்பட்ட நாணயத்தின் படத்தைப் போட்டு மற்ற சேகரிப்பாளர்களை எச்சரிப்பது பொதுநலன். அவருடைய வீட்டு முகவரியில் என்ன பொதுநலன்? ‘கும்பல்’ என்ற சொல்லில் என்ன பொதுநலன்? நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் அந்தச் சொல்லைத்தான் பிடிக்கும். குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டுகள் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. 42,000 ரூபாயை இழந்தவர் குற்றவாளிக் கூண்டில், விற்றவர் புகார்தாரர் நாற்காலியில். இப்படி முடிந்த கதையை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன செய்வது? வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரப் படம், பணம் போன ரசீது எல்லாவற்றையும் சேமியுங்கள். அந்தக் கைபேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம். பிறகு பதிவுத் தபாலில் அவருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள்: 1939 என்று சொல்லி விற்றீர்கள், எண் திருத்தப்பட்டிருக்கிறது, 15 நாளில் பணத்தைத் தாருங்கள், நாணயத்தைத் தருகிறேன். திட்டு வேண்டாம். பலர் இந்தக் கடிதத்திலேயே வழிக்கு வருவார்கள். தான் ஏமாந்து வாங்கியவர் என்றால் கட்டாயம் பேசுவார்.

வரவில்லை என்றால் தேசிய சைபர் குற்றத் தளத்திலும் 1930 என்ற உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். இரண்டு மாதம் ஆனதால் பணத்தை வங்கியில் முடக்குவது கடினம், ஆனாலும் பதிவு வேண்டும். காவல் நிலையத்தில் என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ‘பழைய காசுக்கெல்லாமா புகார்?’ என்று ஒருவர் சிரிப்பார். ‘சைபருக்குப் போங்கள்’ என்பார் இன்னொருவர். அங்கே போனால் ‘உள்ளூர் நிலையத்துக்குப் போங்கள்’ என்பார்கள். மூன்றாம் நாள் ஒருவர் கள்ள நாணயப் பிரிவில் வழக்குப் போடலாம் என்று ஆர்வமாக ஆரம்பிப்பார். அது நிற்காது. அதே சன்ஹிதாவின் 178ஆம் பிரிவு புழக்கத்தில் உள்ள நாணயத்துக்கானது. ஆறாம் ஜார்ஜ் ரூபாயை இன்று உங்கள் மளிகைக் கடையிலேயே நீங்கள் வாங்க மாட்டீர்கள். இது ஏமாற்று வழக்கு, 318ஆம் பிரிவு. இதைக் காவல்துறைக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையும் ஏமாந்தவன் தலையில்தான் விழுகிறது. புகாரை வாங்க மறுத்தால் அதையே பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. நாணயத்தை விற்றவர் இதைத் தொழிலாகவே செய்பவர் என்றால், இரண்டு ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.

இதற்கிடையில் இன்னொரு கூட்டம் உங்களைத் தேடி வரும். அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், பதிவுக் கட்டணம் 3,000’ என்பார்கள். ‘ரிசர்வ் வங்கி அனுமதி பெற்றவர்கள்’ என்று முத்திரை வைத்த கடிதம் காட்டுவார்கள். பழைய நாணய வணிகத்தில் தங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. ஆனாலும் வைஷ்ணவ தேவி படம் போட்ட நாணயத்துக்குப் பல லட்சம் தருவதாகச் சொல்லி முன்பணம் கறக்கும் விளம்பரங்கள் ஓயவில்லை. சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் நாணயத்தை அடைத்து ‘சான்று’ தருகிறோம் என்பவர்களிடமும் கவனமாக இருங்கள். பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள். 1818 என்று போட்டு அனுமார் படம் அடித்த ‘கிழக்கிந்தியக் கம்பெனி காசு’ கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை, ஆனால் அரிசியை இழுக்கும் என்று சொல்லி அதை இன்னும் விற்கிறார்கள்.

கடிதத்துக்கு 15 நாள் ஆன பிறகும் மற்றவர்களை எச்சரிக்க வேண்டும் என்று தோன்றினால், நான் போடுவதாக இருந்தால் இப்படிப் போடுவேன்: ‘ஒரு குழுவில் 1939 ரூபாய் என்று வாங்கிய நாணயம் இது. 9ஐச் சுற்றியுள்ள கீறலைப் பாருங்கள். 8 திருத்தப்பட்டதாக எனக்குத் தெரிகிறது. வாங்குவதற்கு முன் ஆண்டு எண்ணை லென்ஸில் பாருங்கள்.’ அவ்வளவே. பெயர் கேட்டு வருபவர்களிடம் ‘புகார் கொடுத்திருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

கடைசியாக, நாணயத்தை வேறு யாரிடமாவது தள்ளிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். 1939 என்று சொல்லி விற்றால் நீங்களும் அவரும் ஒன்று. உண்மையைச் சொல்லி விற்பதாக இருந்தாலும் இப்போது விற்காதீர்கள். அது சான்றுப் பொருள். ஒரு காகித உறையில் போட்டு, வாங்கிய தேதியையும் விலையையும் எழுதி ஒட்டி, கல்லாப்பெட்டியில் இல்லாமல் பீரோவில் வையுங்கள்.