டிரில்லை எடுப்பதற்கு முன்

தம்பி, இலங்கை மலையகத்து நோர்வூட்டிலிருந்து கனடா வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் பதினான்கு அடி அலுமினியப் படகு வாங்கிவிட்டீர்கள். சந்தோஷம். தண்ணீருக்கு அடியில் இருப்பதைத் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரில் எது நல்லது, அதற்காகத் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரை எங்கே பூட்டுவது, ஒன்டாரியோவில் என்ன பேப்பர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்வியை விடுங்கள். கார்மின், லோரன்ஸ், ஹம்மின்பேர்ட் எல்லாமே மீனைக் காட்டும், அது கடிக்குமா என்பது வேறு கதை. நாம் மீன் பிடிக்கிற சிம்கோ ஏரியின் ஆகக் கூடிய ஆழமே 41 மீட்டர்தான். ஐந்து அங்குலத் திரையும் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியும் தாராளம். நம் ஆட்கள் சிலர் கடனுக்குப் பெரிய திரை வாங்கிப் பூட்டி, போட்டோவும் போட்டுவிட்டு, கடைசியில் பக்கத்துப் படகு நிற்கிற இடம் பார்த்துத்தான் தூண்டில் போடுகிறார்கள்.

டிரான்ஸ்டியூசர் விஷயத்துக்கு வருவோம். வாங்கிய அன்றைக்கே படகின் பின்பலகையில் (டிரான்சம்) டிரில் வைத்துவிடாதீர்கள். பழைய அலுமினியப் படகுகள் பலவற்றில் டிரான்சத்துக்குள் மரப்பலகை இருக்கும். சரியாக அடைக்காத ஒரு ஸ்குரூ ஓட்டை போதும், பலகை உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். எஞ்சின் தொங்குவதே அதில்தான். நான் வந்த புதிதில் காசு கொடுத்து ஒரு பட்டறையில் விட்டேன். படகு அடியின் ரிவெட் ஆணி வரிசைக்கு நேர் பின்னால் பூட்டி, ஓட்டைக்குச் சீலன்ட்கூட வைக்காமல் தந்தான். ஓடும்போது திரையில் ஒன்றும் தெரியவில்லையே என்றால், நான் வேகமாக ஓட்டுகிறேனாம்! அன்றைக்கு என் இங்கிலீஷில் சண்டை போட முடியவில்லை. இன்றைக்கு என்றால் தெரியும் சேதி.

எல்லாம் காற்றுக் குமிழியால் வரும் வினை. ரிவெட், படகு அடியின் விலா மாதிரி எது துருத்திக்கொண்டிருந்தாலும் அதன் பின்னால் குமிழி கிளம்பும். ஊரில் நல்லதண்ணி ரோட்டில் மூடுபனிக்குள் லைட் அடித்தால் வெளிச்சம் நம் முகத்துக்கே திரும்புமே, அப்படித்தான் ஒலியும் குமிழியில் பட்டுத் திரும்பிவிடும். அதனால் அடிப்பகுதி வழவழப்பாக இருக்கும் இடமாகப் பாருங்கள். புரொப்பெல்லரிலிருந்து 38 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். பின்னால் நின்று பார்க்கும்போது அது கடிகாரச் சுற்றாகச் சுற்றினால் வலப்பக்கம் நல்லது. டிரான்ஸ்டியூசரின் முகம் அலுமினியப் படகில் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்கியிருக்கலாம், ஃபைபரில் மூன்று மில்லிமீட்டர் போதும்.

முதலில் கிளாம்ப் போட்டுக் கட்டி ஓட்டிப் பாருங்கள். வேகத்தில் படம் உடைந்தால் கொஞ்சம் இறக்குங்கள், பின்னால் தண்ணீர் பீறிட்டு அடித்தால் ஏற்றுங்கள். இடம் சரியென்று தெரிந்த பிறகு, ஒரு தடித்த பிளாஸ்டிக் பலகையைப் பின்பலகையில் வைத்து, நீர்மட்டத்துக்கு மேலே ஸ்குரூ அடித்து, ஓட்டைகளை மரைன் சீலன்டால் நிரப்பி, அந்தப் பிளாஸ்டிக் பலகையில் டிரான்ஸ்டியூசரைப் பூட்டுங்கள். நாளைக்குக் கருவி மாறினாலும் படகில் புது ஓட்டை விழாது.

ஸ்கார்பரோவில் யாராவது ஒரு அண்ணன், "உள்ளே எபாக்ஸி ஊற்றி ஒட்டிவிடு, ஓட்டையே வேண்டாம்" என்பார். அது ஒற்றைத் தட்டு ஃபைபர் படகுக்குச் சரி, உங்களுக்குச் சரிவராது. கேபிள் மிஞ்சினால் வெட்டாமல் சுருட்டி வையுங்கள். எஞ்சின் வயரோடு சேர்த்துக் கட்டினால் திரை முழுக்கக் கோடு கோடாக வரும்.

எனக்கு இந்த மீன்பிடிப் பைத்தியம் ஊரில் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் பிடித்தது. 1960களில் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது உங்களுக்கே தெரியும். நீர் வற்றுகிற வருஷம் பழைய கோயில் வெளியே தெரியுமே, அப்போது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெரிசுகள் எங்கே சுவர், எங்கே பள்ளம் என்று மனதில் குறித்துக்கொள்வார்கள். தண்ணீர் ஏறியதும் கரையில் நின்று அந்தப் பக்கமாகவே மூங்கில் தூண்டிலை வீசுவார்கள், திலாப்பியா வரும். இடிந்த சுவர், பாறை, மரக்கட்டை இருக்கிற இடத்தில்தான் மீன் ஒதுங்கும். திரையில் நீங்களும் அதைத்தான் தேட வேண்டும், மீன் பொம்மையை இல்லை.

இங்கே ஏரிக்கரையில் தமிழாக்களைக் கண்டால் "ஊரில எவடம்?" என்பார்கள். மஸ்கெலியா என்றால், "ஓ, தோட்டப் பக்கமோ" என்று ஒரு இழுப்பு. எல்லாரும் அப்படியில்லை, ஆனாலும் உங்களுக்கும் நடக்கும். பொருட்படுத்தாதீர்கள். அப்படி இழுத்த ஆட்களே இப்போது தங்கள் படகில் டிரான்ஸ்டியூசர் பூட்ட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நானும் போகிறேன், சாப்பாடு நன்றாக இருக்கும்.

பேப்பர் விஷயம் அரசாங்கத் தளத்திலேயே இருக்கிறது. எஞ்சின் படகு ஓட்ட ஆபரேட்டர் கார்டு, மீன் பிடிக்க லைசென்ஸ், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். ஜாக்கெட்டைச் சீட்டுக்கு அடியில் போடாமல் உடம்பில் போடுங்கள். நம் தோட்டப் பிள்ளைகளில் நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு. மே மாத வெயிலைப் பார்த்தும் ஏமாறாதீர்கள், பனிக்கட்டி கரைந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அந்தக் குளிரில் விழுந்தால் நீச்சல்காரனுக்கே கை கால் விறைத்துவிடும்.